ஆடிக்கு அழைக்க ஆளில்லை

இந்த மரத்தடிக்கு வந்து நில்லுங்க்கா, அங்க வெயிலுங்க. பையை அந்தக் கல்லு மேல வெச்சுக்கங்க. கண்டக்டர் பத்து நிமிசம்னுதான் சொல்லுவாரு. பத்து நிமிசத்துல ஆகற ரிப்பேருக்கு டிரைவர் எதுக்குங்க சட்டையைக் கழட்டிப் போட்டுட்டு வண்டிக்கு அடியில போறாரு? பின்னால வர்ற வண்டியில நம்மளை மாத்தி விட்டுருவாங்க. கோபியிலிருந்து திருப்பூருக்கு வண்டிக்குப் பஞ்சமில்ல, பயப்படாதீங்க.

நீங்களும் திருப்பூருங்களா? சரி. நான் திருப்பூர் போயி, அங்கிருந்து உடுமலைப்பேட்டைக்கு ஒரு வண்டி, அப்பறம் ஒரு டவுன் பஸ்ஸு. சொந்த ஊரு உடுமலையான்னு கேட்டா என்னத்தைச் சொல்றது? சொந்த ஊரு கோபிக்குப் பக்கத்துலதானுங்க. இப்ப இருக்கறது அங்க. இருக்கறேன்னும் சொல்ல முடியாது. இருக்க வெச்சிருக்காங்க.

எம்பேரு பூபதிங்க. முப்பத்தஞ்சு வயசு. முப்பத்தஞ்சு வருசமும் ஒரே வீட்ல இருந்தவன் நானு. காலேஜுக்குக்கூட வீட்லிருந்துதான் போயிட்டு வந்தேன், ஹாஸ்டல்னா என்னன்னு தெரியாது. ஊர்ல பால் சொசைட்டியில டெஸ்டர் வேலை. காலையில ஒரு நேரம், சாயங்காலம் ஒரு நேரம். ஆரு மாட்டுப் பால்ல எத்தனை டிகிரி, ஆரு கேனுல தண்ணி, எல்லாம் எனக்கு அத்துபடி. ஒருத்தரும் என்கிட்ட ஏமாத்த முடியாதுங்க. மனுசனைப் பார்த்தாலே உள்ள என்ன இருக்குதுன்னு சொல்லிருவேன்.

வைகாசியில கல்யாணம் ஆச்சு. அன்னிக்குச் சாயங்காலமே எங்க வீட்டை விட்டு அங்க போயிட்டனுங்க. வீட்டோட மாப்பிள்ளை. நீங்க சிரிச்சாலும் சிரிப்பீங்க, சிரிங்க. ஊரே சிரிச்சுது.

எட்டு வருசமாப் பொண்ணு தேடுனாங்க எனக்கு. தோட்டம் இருக்குது, வீடு இருக்குது, கெட்ட பழக்கம் ஒண்ணும் கெடையாது. ஆனா இப்பப் பொண்ணு வீட்ல கேக்கறதெல்லாம் கோயமுத்தூர்ல வேலையா, பெங்களூர்ல வேலையான்னுதானுங்க. பால் டெஸ்டர்னா ஜாதகத்தை மடிச்சுத் திருப்பிக் குடுத்துருவாங்க. எங்கப்பா ஜாதகக் கட்டைத் தூக்கிட்டுப் போகாத ஊரில்ல. கடைசியில உடுமலைப் பக்கத்துல ஒரு இடம் வந்துச்சு. தென்னந்தோப்பு, ஒரே பொண்ணு, பேரு கோகிலவாணி. பொண்ணை வெளிய அனுப்ப மாட்டோம், மாப்பிள்ளைதான் இங்க வந்து இருக்கோணும்னாங்க. எங்கப்பா அங்கயே சரின்னு தலையை ஆட்டிட்டு வந்துட்டார்.

என்னைய ஒரு வார்த்தை கேக்கலீங்க்கா. நாளெல்லாம் குறிச்சப்பறம் வந்து, மாட்டுக்குத் தவுடு வெச்சுக்கிட்டே, "டேய், உனக்கு இனி இருப்பு அங்கதான்"னு சொல்றார். முப்பத்தஞ்சு வருசம் வளர்ந்த வீடு. அதை விட்டுட்டு முன்னப் பின்ன தெரியாதவங்க வீட்டுக்குப் போயி, அவங்க சமைக்கறதைத் தின்னுக்கிட்டு, அவங்க எந்திரிக்கற நேரத்துக்கு எந்திரிச்சு, காலம் பூராவும் இருக்கோணும். அதை அந்த ஆளுகிட்ட ஒரு வார்த்தை கேக்க வேண்டாமுங்களா? உலகத்துல ஆருக்காவது இப்பிடி நடக்குமுங்களா?

ஏனுங்க்கா, இருமுறீங்களா சிரிக்கறீங்களா? சரி விடுங்க.

கல்யாணம் முடிஞ்சு கார்ல ஏறுறப்ப, கோகிலவாணி சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தா. அவளுக்கென்ன, அவ வீட்டுக்குப் போறா. எங்கம்மா கார் கதவுகிட்ட வந்து, "வேட்டியை இழுத்து உள்ள வெச்சுக்க, கதவுல மாட்டிக்கும்"னாங்க. அவ்வளவுதானுங்க சொன்னாங்க. அதுக்கு எனக்குப் பொலபொலன்னு கண்ணுல தண்ணி ஊத்திருச்சு. வீடியோக்காரன் இருக்கறானே, பொண்ணு அழுகும்னு கேமராவை அந்தப் பக்கம் வெச்சுக்கிட்டு நின்னவன், பார்த்தான், அப்பிடியே என் பக்கம் திருப்பிட்டான். இப்ப அந்த வீடியோவுல நான் மூக்கைச் சிந்தறதுக்குப் பின்னால ஒரு சோகப் பாட்டு ஓடுது. ஒறம்பரை, விருந்தாளின்னு வர்றவங்களுக்கெல்லாம் மாமியார் வீட்ல அதைப் போட்டுக் காட்டறாங்க. நல்ல மனுசங்கதான், வேணும்னு பண்றதில்ல. நான் அழுகற இடம் வந்தா சத்தத்தைக் குறைச்சு வெக்கறாங்க.

நல்ல மனுசங்கன்னு சொன்னேன் பாருங்க, அதுதானுங்க பிரச்சினையே. கெட்டவங்களா இருந்தா சண்டை போட்டுட்டு வந்தரலாம். மரியாதையிலயே கொன்னுட்டாங்க. நான் கூடத்துக்கு வந்தா மாமனார் எந்திரிச்சுத் துண்டைத் தோள்ல போட்டுக்குவார். அத்தை சமையக்கட்டுக்குள்ள போயிருவாங்க. கோகிலவாணி மத்தியானத்துல அவங்கம்மா மடியில தலை வெச்சுப் படுத்துக்கிட்டு டீவி பார்ப்பா, அவங்க தலையைக் கோதி விட்டுக்கிட்டு இருப்பாங்க. நான் வந்தா ரெண்டு பேரும் நேரா உக்காந்துக்குவாங்க. நான் போற எடத்துலயெல்லாம் எல்லாரும் எந்திரிச்சா, நான் எங்கதானுங்க உக்கார்றது?

சாப்பாட்டுக்கு எனக்குத் தனி எலை. எனக்கு மொதல்ல போட்டுருவாங்க, அவங்கெல்லாம் பின்னால. நான் சாப்புடறதை மூணு பேரு நின்னு பார்ப்பாங்க. எங்க வீட்ல நான் சமையக்கட்டுல கிரைண்டர் மேல முதுகைச் சாய்ச்சுக்கிட்டு, தட்டை மடியில வெச்சுச் சாப்புடறவன். இங்க மூணாவது தோசையைப் போடறப்ப "போதுங்க அத்தை"ன்னேன். எங்க வீட்ல போதும்னா இன்னும் ரெண்டு வரும். எங்கம்மாவுக்கு அந்த வார்த்தையே காதுல விழுகாது. இங்க போதும்னா போதும்! அத்தை தோசைக்கல்லை எறக்கி வெச்சு, அடுப்பை அணைச்சு, கையைக் கழுவிட்டு வந்துட்டாங்க. மாப்பிள்ளை சொன்ன சொல்லுக்கு அவ்வளவு மரியாதை. மறுநாளும் மூணு. அதுக்கு மறுநாளும் மூணு. மாப்பிள்ளைக்கு மூணுதான் கணக்குன்னு அந்த வீட்ல முடிவே ஆயிருச்சு. எனக்கு அஞ்சு வேணுமுங்க. அதை எப்பிடிங்க வாயைத் திறந்து கேக்கறது?

அப்பறம் என்ன, மெயின் ரோட்டுல ஒரு பேக்கரி இருக்குது. தெனமும் பதினொரு மணிக்கு நடந்து போயி ரெண்டு தேங்கா பன்னு, ஒரு டீ. பத்து நாள் ஓடுச்சு. பதினோராவது நாளு மாமனாரோட பங்காளி ஒருத்தர் பார்த்துட்டார். பார்த்தவரு சும்மா இருப்பாருங்களா? நான் வீட்டுக்கு வர்றதுக்குள்ள சேதி வந்துருச்சு. அத்தை முந்தானையில கண்ணைத் துடைச்சுக்கிட்டு நிக்கறாங்க. என் சமையலு மாப்பிள்ளைக்கு ஆகலையான்னு. கோகிலவாணி ரூமுக்குள்ள வந்து, "எங்கம்மா உங்களுக்கு என்ன குறை வெச்சாங்க?"ன்னு கேக்கறா.

குறைன்னு நான் சொன்னனுங்களா? பசின்னுதானுங்க சொன்னேன். அதையும் சொல்லல, போயித் தின்னுட்டு வந்தேன், அவ்வளவுதான். அவகிட்டச் சொல்லிப் பார்த்தேன். எனக்கு இங்க என்னமோ மாதிரி இருக்குது கோகிலா, எந்த சுவிட்சைப் போட்டா எந்த லைட்டு எரியும்னுகூடத் தெரியல, ரெண்டு மாசமாகப் போகுது இன்னும் ஃபேனுக்குப் பதிலா வாசல் லைட்டைப் போட்டுட்டிருக்கறேன்னு. அதுக்கு அவ, "எல்லாம் பழகிரும், கொஞ்சம் அனுசரிச்சுக்கங்க"ன்னுட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டா. அவ பொறந்து வளர்ந்த வீடு, அவளுக்கு எப்பிடிங்க தெரியும்? அனுசரிச்சுக்கன்னு சொல்றவங்க ஒரு நாளாவது அனுசரிச்சுப் பார்க்கோணுங்க்கா.

நான் சொல்றது சரிதானுங்களே? தலையை ஆட்டறீங்க. நீங்க திருப்பூருக்குக் கட்டிக் குடுத்து வந்து எத்தனை வருசம்? இருவத்தாறா? சொந்த ஊரு எது? அது சரி, அதை அப்பறமாச் சொல்லுங்க, நான் இதை முடிச்சர்றேன், வண்டி வந்துட்டா பாதியில நின்னு போகும். உங்களுக்கெல்லாம் பரவால்லீங்க, பொம்பளைங்களுக்கு அது சுபாவத்துலயே இருக்குது. எங்க போனாலும் ஒட்டிக்குவீங்க. ஆம்பளைக்கு அப்பிடி இல்லீங்க.

எம்பேரே எனக்கு மறந்துரும் போல இருந்துச்சுங்க. மாமனாருக்கு நான் "மாப்ள". அத்தைக்கு "ஏனுங்க". தோப்பு வேலைக்கு வர்றவங்களுக்குச் "சின்னவரு". கோகிலவாணி எப்பவும் பேரைச் சொல்ல மாட்டா. ஒரு நாளு தோப்புக்குள்ள கடைசி வரைக்கும் போயி, ஆருமில்லாத எடமாப் பார்த்து நின்னு, "பூபதி"ன்னு நானே சத்தமாக் கூப்ட்டுப் பார்த்தேன். அவங்க வீட்டு நாய் ஒண்ணு பின்னாலயே வந்திருக்குது. வந்த நாளா என்னைப் பார்த்துக் கொலைக்கறது அதுக்குச் சோலி. அன்னிக்குக் கொலைக்காம நின்னு பார்த்துச்சு. எனக்கு வெக்கமாப் போச்சுங்க.

வேலையும் ஒண்ணுமில்ல. தோப்பைப் பார்க்க ஆளு இருக்குது, தேங்கா போடறதுக்கு ஆளு இருக்குது. நான் போயி நின்னா "நெழல்ல உக்காருங்க"ன்னு கட்டிலைக் கொண்டு வந்து போடறாங்க. அந்த ஊர்ல பால் சொசைட்டி ஒண்ணு இருக்குது. ஒரு நாளு அந்தப் பக்கமா நடந்து போறப்ப பால் வாசனை அடிச்சுது. அங்கயே நின்னுட்டேன். டெஸ்டரு பையன் பால்மானியைத் தப்பாப் புடிக்கறான், எனக்குக் கையெல்லாம் பரபரங்குது. நான் ஆருன்னு அவனுக்கு எப்பிடித் தெரியும்? "என்னங்க வேணும்?"னு கேட்டான். ஒண்ணுமில்லைன்னு வந்துட்டேன்.

அம்மாவுக்குத் தெனமும் போன் பண்ணுவேன். சாப்ட்டயா, சாப்ட்டேன். மழையா, இல்ல. வெச்சர்றேன். அவ்வளவுதான் பேச்சு. பத்து நாள் கழிச்சு, "ஓயாம போன் பண்ணாதடா, அங்கிருக்கறவங்க என்ன நெனப்பாங்க"ன்னு கட் பண்ணிட்டாங்க. பெத்தவங்களுக்கு இவ்வளவு கல்லு மனசு இருக்கும்னு நான் நெனைக்கவே இல்லீங்க.

அப்பறந்தான் எனக்கு ஆடி ஞாபகம் வந்துச்சு.

உங்களுக்குத் தெரியாததா? கல்யாணமாயி மொத ஆடிக்குப் பொறந்த வீட்லிருந்து வந்து பொண்ணை முறையாக் கூட்டிட்டுப் போவாங்கல்ல. எங்க பக்கம் மாசம் பூராவுமே கொண்டு போயி வெச்சுக்குவாங்க. சரி, எதுக்குங்க கூட்டிட்டுப் போறது? புது எடத்துலயே கெடந்தது, கொஞ்ச நாளு பெத்தவங்ககிட்ட வந்து மூச்சு விட்டுட்டுப் போகட்டும்னுதானே? இங்க கோகிலவாணி பொறந்த வீட்லயேதான் இருக்கறா. புது எடத்துல கெடக்கறது ஆரு? நானு. அப்ப ஆடிக்குக் கூப்பிட வர வேண்டியது எங்கப்பாதானுங்க. இதுல என்ன தப்பு இருக்குது, சொல்லுங்க. நாலு நாளா யோசிச்சுப் பார்த்தேன், கணக்கு சரியாத்தான் வந்துச்சு.

ஆனி கடைசி நாளு போயி முடி வெட்டிக்கிட்டேன். பையில வேட்டி, சட்டை, டவல் எல்லாம் எடுத்து வெச்சேன். ஆடி ஒண்ணு காலையில குளிச்சு வெள்ளைச் சட்டை போட்டு முன்னால நாற்காலியில உக்காந்தேன். கோகிலவாணி, "எங்கயாச்சும் போறீங்களா?"ன்னா. "சும்மா"ன்னேன். வெளிய வண்டிச் சத்தம் கேட்டா எந்திரிப்பேன். ஒருக்கா தேங்கா ஏவாரி, ஒருக்கா கேஸ் சிலிண்டர் வண்டி. மத்தியானம் அத்தை எலை போட்டாங்க, வெள்ளைச் சட்டையோடயே உக்காந்து சாப்ட்டேன். சாயங்காலம் வரைக்கும் பார்த்துட்டு எங்கப்பாவுக்குப் போன் போட்டேன்.

"ஏம்ப்பா, ஆடிக்கு எப்ப வர்றீங்க?"

"எதுக்குடா?"

"கூட்டிட்டுப் போறதுக்கு."

"ஆரை?"

"என்னையத்தான்."

அப்பறம் சிரிக்கறார், சிரிக்கறார், இருமல் வர்ற வரைக்கும் சிரிக்கறார். "ஏப்புள்ள, உம்மவனை ஆடிக்குக் கூட்டியாரோணுமாம், தட்டம் எடுத்து வை"ன்னு அம்மாகிட்டச் சொல்றது கேக்குது. அம்மா சிரிக்கற சத்தம் மட்டும் கேக்கல. தண்ணிப் பைப்பு ஓடுச்சு, பாத்திரம் கழுவிட்டு இருந்திருப்பாங்க. மறுநாளு எங்கூர் டீக்கடை பூராவும் இதே பேச்சாம். சொசைட்டி செக்ரட்டரி எனக்குப் போன் பண்ணி, "மஞ்சப்பூசிக் குளிச்சுட்டு ரெடியா இரு மாப்ள"ங்கறான்.

எனக்கு வந்த கோவத்துக்கு நாலு நாளு ஆருகிட்டயும் பேசல. அஞ்சாவது நாளு, அதாவது இன்னிக்கு, காலையில கெளம்பிட்டேன். ஆரும் கூப்பிட வரலேன்னா என்ன, எனக்கு வழி தெரியாதா? பெரிய பையாத்தான் எடுத்தேன். உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்ன இருக்குது, திரும்பிப் போறதில்லேன்னு முடிவு பண்ணிட்டுத்தானுங்க எடுத்தேன். கோகிலவாணி பையைப் பார்த்தா, என்னையப் பார்த்தா. "அம்மாவைப் பார்த்துட்டு வந்தர்றேன்"னேன். "எப்ப வருவீங்க?"ன்னா. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

பத்து மணிக்கு எங்க வீட்டு வாசல்ல நிக்கறேன். எங்கம்மா என்னையப் பார்த்தாங்க. பார்த்துட்டு, எனக்குப் பின்னால பார்த்தாங்க. ரோட்டு வரைக்கும் பார்த்தாங்க. "எங்கடா அவ?"ன்னாங்க. வல்லேன்னேன். "சண்டையா?" இல்லேன்னேன். அப்பறம் பையைப் பார்த்தாங்க. உள்ள போயி அடுப்பைப் பத்த வெச்சுட்டாங்க.

சாப்ட்டனுங்க. என்னத்தைச் சொல்றது, சமையக்கட்டுல அதே எடத்துல உக்காந்து, ஏழு தோசை. "எளைச்சுப் போயி வந்து நிக்கறான் பாரு, அங்க சோறு போடறதில்லையா, வாயைத் திறந்து கேக்கத் தெரியாதா, எரும மாடு"ன்னு திட்டிக்கிட்டே போட்டாங்க. அந்தத் திட்டைக் கேட்டு ரெண்டு மாசம் ஆச்சு. தின்னுட்டு எங்கட்டில்ல போயிப் படுக்கலாம்னு பார்த்தா, அதுல வெங்காய மூட்டை. சரி, அதனால என்ன, பக்கத்துல பாயைப் போட்டுப் படுத்தேன். அப்பிடி ஒரு தூக்கம் வந்துச்சுங்க. ஃபேன் சுவிட்சு எங்கன்னு கண்ணை மூடிக்கிட்டே போட்டேன்.

பக்கத்து வீட்டு நாச்சம்மா உறை மோருக்கு வந்தவங்க, என்னையப் பார்த்துட்டாங்க. "அடடே, மாப்பிள்ளை வந்திருக்காப்ல! எப்ப வந்தீங்க? வீட்டுக்காரி வல்லீங்களா?" என்னைய இடுப்புல தூக்கி வெச்சுச் சோறு ஊட்டுனவங்க, வாங்க போங்கன்னு பேசறாங்க. எங்கம்மா உடனே, "பேங்க் சோலியா வந்தான், இப்பக் கெளம்பிருவான்"னாங்க. எனக்கு எந்த பேங்குல என்னங்க சோலி?

நாச்சம்மா போனதும் அப்பா வந்து நிக்கறார். "ரெண்டு மணி வண்டிக்குக் கெளம்பு"ன்னார்.

"ரெண்டு நாளு இருந்துட்டுப் போறனே"ன்னேன்.

"இருந்தா ஊருக்குள்ள என்ன பேசுவாங்க தெரியுமா? கட்டிக் குடுத்து மூணு மாசம்கூட ஆகல, பையைத் தூக்கிட்டு வந்து நிக்கறான்னு பேசுவாங்க. அங்க சம்மந்தி என்ன நெனப்பாரு?"

கட்டிக் குடுத்துன்னே சொன்னார், கேட்டுக்கங்க. எனக்கு ஆத்திரமா வந்துச்சு. அம்மாவைப் பார்த்தேன். அம்மாவாச்சும் ஒரு வார்த்தை சொல்லுவாங்கன்னு. அவங்க தூணைப் புடிச்சுக்கிட்டு நின்னு, "இனி இது உனக்கு ஒறம்பரை வீடு சாமி. வரோணும், சாப்புடோணும், பொழுதோட போயிரோணும்"னாங்க. சொல்லிட்டு வீட்டுக்குப் பின்னால பொடக்காலிப் பக்கம் போனவங்க அரை மணி நேரம் வல்ல. வந்தப்ப மூஞ்சி கழுவிட்டு வந்திருந்தாங்க. நான் கெளம்பற நேரத்துல மூஞ்சி கழுவறது ஒரு வேலையா, சொல்லுங்க. பையில முறுக்கு, எள்ளுருண்டை எல்லாத்தையும் திணிச்சுக் கையில குடுத்துத் தாட்டி விட்டுட்டாங்க. பஸ் ஸ்டாப்பு வரைக்கும்கூட வல்லீங்க.

அதுதானுங்க்கா கதை. அங்கயும் ஒறம்பரை, இங்கயும் ஒறம்பரை. இந்த நிமிசத்துல எனக்குன்னு இருக்கற எடம் இந்த மரத்தடிதான்.

எங்க வீட்ல இது புதுசுன்னு நெனைச்சுக்காதீங்க. எங்க தங்கச்சி பூங்கொடியையும் இப்பிடித்தான் தாட்டி விட்டாங்க. ஆனா அதுல நியாயம் இருக்குது. அவளைப் பெருந்துறைப் பக்கம் குடுத்து எட்டு வருசம் ஆச்சு. கல்யாணமாயி நாலாவது மாசம், ஒரு நாளு மத்தியானம் பையைத் தூக்கிட்டுத் தனியா வந்து வாசல்ல நிக்கறா. பொம்பளைப் புள்ளை, மாப்பிள்ளைக்குச் சொல்லாம வரலாமுங்களா? அம்மா சோறு போட்டாங்க. அப்பா உடனே கொண்டு போயி விட்டுட்டு வாடான்னார். நாந்தான் பைக்குல கொண்டு போயி விட்டேன். வழியில நிறுத்தி டீகூட வாங்கிக் குடுத்தேன். கோவிச்சுக்கல, திட்டல, அவ பெருந்துறை போற வரைக்கும் தன்மையா எடுத்துச் சொன்னனுங்க. எல்லாருக்கும் அப்பிடித்தான் கண்ணு, புது எடம்னா மொதல்ல அப்பிடித்தான் இருக்கும், நாலு நாளு போனா பழகிரும், அனுசரிச்சுப் போன்னேன். அவ பின்னால உக்காந்து கேட்டுக்கிட்டே வந்தா. சொன்னது புரிஞ்சிருச்சு. அவ வீட்டு வாசல்ல எறக்கி விட்டப்ப, உள்ள வந்து ஒரு வாய்த் தண்ணி குடிச்சுட்டுப் போங்கண்ணான்னா. சாயங்காலப் பாலுக்கு நேரமாச்சு, நான் வண்டியைத் திருப்பிட்டேன். கண்ணாடியில பார்த்தேன், கேட் பக்கத்துலயே நின்னுட்டு இருந்தா. அதுக்கப்பறம் ஒரு தடவைகூட அவ அப்பிடி வந்ததில்லீங்க. தீபாவளி, பொங்கலுக்கு நான் சீர் கொண்டு போயி வெச்சுட்டு வர்றதோட சரி. நல்லாப் பொருந்திட்டா.

என்னங்க்கா?

எதுக்கு வந்தாளா? அன்னிக்கா?

என்னமோ சண்டையா இருக்கும். மாமியார் என்னமாச்சும் சொல்லியிருப்பாங்க. இல்ல, அவ வீட்டுக்காரரு. தெரியலீங்க. அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும். அம்மா கேட்டிருப்பாங்க. இருங்க, யோசிக்கறேன். அம்மா "சாப்ட்டயா"ன்னு கேட்டாங்க. அப்பா "சொல்லிட்டு வந்தியா"ன்னு கேட்டார். நான், "வண்டிச் சாவி எங்க"ன்னு கேட்டேன்.

அதை ஆரும் கேக்கலீங்க.

எட்டு வருசம் ஆச்சுங்க. இப்பப் போயி அதைக் கேட்டா என்ன நெனப்பா? இல்ல, கேட்டுர்றேன். இப்பவே கேட்டுர்றேன். இந்நேரம் சும்மாத்தான் இருப்பா. முறுக்கை எடுத்துக்கங்க, இதோ பையில இருக்குது, அம்மா போட்டது. ரிங் போகுது.

அலோ. கண்ணு, நாந்தான், அண்ணன். இல்ல, அம்மாவுக்கு ஒண்ணுமில்ல. நல்லா இருக்காங்க, இப்பத்தான் பார்த்துட்டு வர்றேன். அப்பாவுக்கும் ஒண்ணுமில்ல. ஆருக்கும் ஒண்ணுமில்ல கண்ணு, எதுக்கு அழுகறே? சும்மாதான் கூப்ட்டேன். சும்மான்னா, சும்மாதான்.

பாருங்க்கா, நான் கூப்ட்டதும் ஆருக்கோ என்னமோ ஆயிருச்சுன்னு நெனைச்சுட்டா. நான் சும்மா கூப்ட்டதே இல்லையாம்.

கண்ணு, உன்னைய ஒண்ணு கேக்கோணும். அன்னிக்கு நீ பையை எடுத்துக்கிட்டு நம்ம வீட்டுக்கு வந்தியே. எதுக்கு வந்தே?

என்னது?

அக்கா. எந்தத் தடவைன்னு கேக்கறாளுங்க.

எந்தத் தடவைன்னா? நீ ஒருக்காத்தானே கண்ணு வந்தே. கோபி பஸ் ஸ்டாண்டு வரைக்குமா? வந்துட்டு? அங்கிருந்து நம்மூருக்கு டவுன் பஸ்ஸு இருக்குதே, ஏறி வந்திருக்கலாமல்ல. ம். ம். பெஞ்சுல உக்காந்திருந்துட்டு அடுத்த வண்டியில திரும்பிட்டியா? எத்தனை தடவை? சின்னவன் பொறந்தப்பறமுமா? எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமல்ல கண்ணு, நான் வந்து...

ஆமா. சரிதான். வந்து கொண்டு போயி விட்டிருப்பேன்.

வண்டி வந்துருச்சுங்க்கா, நீங்க ஏறுங்க. சீட்டு இருக்குது பாருங்க, அந்த சன்னலோரம். என் பையை எடுக்காதீங்க, நான் இதுல வல்லீங்க. ஏறுங்க, கண்டக்டர் விசிலடிக்கறாரு. அவ இப்பத்தான் பேச ஆரம்பிச்சிருக்கறா, உள்ள வந்தா பஸ்ஸு சத்தத்துல கேக்காது.

இல்ல கண்ணு, ஆரும் இல்ல. நான் எங்கயும் போகல. நீ சொல்லு.